பதிவேட்டில் இல்லாத பத்தி

பஹர் தார், எத்தியோப்பியா – 2019

மே 6, திங்கள்

காலையில் வார்டுக்குப் புதிதாக ஒரு பெண். தனக்குப் பதினேழு வயது என்கிறாள். அவள் அப்பா பத்தொன்பது என்கிறார். சான்றிதழ் எதுவும் இல்லாததால் இரண்டையும் எழுதிக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க நடந்து, பிறகு பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். பஸ்ஸில் யாரோ மூக்கைப் பொத்திக்கொள்ள, கண்டக்டர் இவளைக் கடைசி சீட்டுக்குப் போகச் சொன்னாராம். அப்பா தான் போர்த்தியிருந்த பருத்திப் போர்வையை நாலாக மடித்து மகளுக்குக் கீழே போட்டுவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே வந்திருக்கிறார்.

வலி எப்போது எடுத்தது என்று கேட்கும்போது இந்த ஊரில் கவனமாக இருக்கவேண்டும். இவர்கள் கடிகாரம் விடியலில் தொடங்குகிறது. காலை ஏழு மணி இவர்களுக்கு ஒரு மணி. நேரம் சொன்னால் ஆறு மணி நேரத்தைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். ஆனால் இவள் கதைக்கு மணிக்கணக்கு தேவைப்படவில்லை. செவ்வாய்க்கிழமை வலி எடுத்தது. வியாழன் வரை வீட்டிலேயே இருந்தாள். வண்டி வரும் சாலை வரைக்கும் ஊர் ஆண்கள் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். முதலில் போன சுகாதார நிலையத்தில் அறுவை செய்ய ஆள் இல்லை. இன்னொரு ஊருக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை இரவு குழந்தை இறந்து பிறந்தது. ஆண் குழந்தை, தலைச்சன். அடுத்த வாரத்திலிருந்து சிறுநீர் தானாக ஒழுகத் தொடங்கியது. இது நடந்து ஏழு மாதம் ஆகிறது.

பிசியோதெரபிஸ்டான என்னை அழைத்தது அவள் காலுக்காக. வலது பாதம் தொங்குகிறது. நடக்கும்போது விரல்கள் தரையைத் தேய்க்கின்றன. பெருவிரலில் ஆறாத புண். நாள் கணக்கில் குழந்தையின் தலை இடுப்புக்குள் சிக்கி நின்றபோது, காலுக்குப் போகும் நரம்புகளும் நசுங்கியிருக்கின்றன. சாபம் காலில் இறங்கிவிட்டது என்று ஊரில் சொன்னார்களாம். இரண்டும் ஒரே காயம்தான் என்று படம் வரைந்து காட்டினேன். அப்பாதான் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

மே 7, செவ்வாய்

தண்ணீர் குடிக்க மறுக்கிறாள். நாக்கு காய்ந்து வெடித்திருக்கிறது.

வருகிற பெண்கள் எல்லோரிடமும் இதைப் பார்க்கிறேன். குடித்தால்தானே ஒழுகும், குடிக்காமல் இருந்துவிடுவோம் என்ற கணக்கு. நியாயமான கணக்குதான், ஆனால் உடம்பு அதற்கு எதிராகப் போகிறது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிறது, நாற்றம் கூடுகிறது, தொடையிடுக்கில் உப்புப் படிந்து தோல் வெந்துபோகிறது. புண்ணில் சிறுநீர் பட்டால் உயிர் போகிற எரிச்சல். அதற்குப் பயந்து இன்னும் குறைத்துக் குடிக்கிறார்கள்.

இங்கே வார்டு உதவியாளராக இருக்கும் அம்மா ஒருவர், முன்பு இதே நோயோடு வந்து குணமானவர். அவர் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து, தான் பாதி குடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினார். ஏழு மாதமாக அவள் பாத்திரத்தில் இன்னொருவர் வாய் வைத்ததில்லை. வாங்கிக் குடித்துவிட்டாள். நான் அரை மணி நேரம் பேசியும் நடக்காத காரியம்.

மே 9, வியாழன்

இன்று இவர்கள் நாட்காட்டியில் கின்போத் மாதம் முதல் தேதி. மாதாவின் பிறந்தநாள். எல்லா வீட்டிலும் வெளியே அடுப்புப் போட்டு, கோதுமை, பட்டாணி, கடலை எல்லாம் கலந்து வேகவைக்கிறார்கள். நிஃப்ரோ என்று பெயர். தாளிப்பு இல்லாத நம் சுண்டல் என்று வைத்துக்கொள்ளலாம். வார்டுக்கும் ஒரு கூடை வந்தது. பிள்ளைப்பேற்றில் பிள்ளையை இழந்தவர்களே நிறைந்த அறையில் ஒரு பிறந்தநாள் விருந்து. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

காலையில் அவளுக்குச் சாயப் பரிசோதனை. கதீட்டர் வழியாக மெத்திலீன் நீலம் கலந்த நீரைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு, பிறப்புவழியில் வைத்த துணித்துண்டு நீலமாகிறதா என்று பார்ப்பார்கள். ஆனது. ஓட்டை, மருத்துவத்தில் ஃபிஸ்டுலா, நடுத்தர அளவு, சிறுநீர்ப்பையின் கழுத்துக்குச் சற்று மேலே. அங்கேதான் குழந்தையின் தலைக்கும் தாயின் இடுப்பெலும்புக்கும் நடுவே சதை மாட்டிக்கொள்கிறது. ரத்த ஓட்டம் நின்ற சதை உடனே விழுவதில்லை. செத்து, அழுகி, சில நாள் கழித்து உதிர்கிறது. பிரசவத்தன்று நன்றாக இருந்தவளுக்கு அடுத்த வாரம் ஒழுகுவது இதனால்தான். ஊர்க்காரர்களுக்கோ காரணமும் விளைவும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாகத் தெரிகின்றன. அந்த இடைவெளியில் சாபம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எனக்குச் சின்ன வயதுக் கல்யாணத்தின் மேல்தான் கோபம் இருந்தது. அறுவை மருத்துவர் மறுத்தார். "வளராத இடுப்பு ஆபத்துதான். ஆனால் எதிர்க்கட்டிலைப் பாருங்கள், நாலு பிள்ளை சுகமாகப் பெற்றவள், ஐந்தாவதில் இப்படி. பிள்ளை குறுக்கே நின்றால் எந்த வயதிலும் சிக்கும்." உலகம் முழுக்க நூறு பிரசவத்தில் ஏறக்குறைய ஐந்தில் குழந்தை சிக்கிக்கொள்கிறது. சென்னையிலும் சிக்குகிறது, ஸ்டாக்ஹோமிலும் சிக்குகிறது. அங்கெல்லாம் சில மணி நேரத்தில் சிசேரியன். கல்யாண வயதை 18 என்று இந்த நாடு 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. சட்டம் வந்த அளவுக்குச் சாலை வரவில்லை.

மே 12, ஞாயிறு

அம்மாவிடம் போனில் பேசினேன். "பிள்ளை பெத்து ஒண்ணுக்கு நிக்காம போயிடுமா? அப்படியெல்லாம் நம்ம பக்கம் கேள்விப்பட்டதே இல்லையேடி" என்றாள். பெரியம்மாவை ஞாபகப்படுத்தினேன். ஏழு பிள்ளை, ஒவ்வொரு பேற்றுக்கும் பத்தாவது நாளே வயல். அடி இறங்கிப்போய், கிழிந்த சேலையைக் கோவணமாகக் கட்டிக்கொண்டு சாகும்வரை களையெடுத்தவள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது வயசானா வர்றதுன்னுல்ல நினைச்சோம்" என்றாள். கருப்பை இறக்கமும் பிள்ளைப்பேற்றுக் காயம்தான். மெதுவாக வருவதால் அதற்கு வயோதிகம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

மத்தியானம் கேத்தரின் ஹாம்லின் எழுதிய 'தி ஹாஸ்பிடல் பை தி ரிவர்' புத்தகத்தை மறுபடி எடுத்தேன். மகப்பேறு மருத்துவர்களான அவரும் கணவர் ரெஜினால்டும் மருத்துவச்சிகளுக்கான பள்ளி தொடங்க 1959இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு வந்தார்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தம். இந்தக் காயத்தோடு வந்த பெண்களைப் பார்த்தபின் திரும்பிப் போகவே இல்லை. 1974இல் இதற்கென்றே தனி மருத்துவமனை கட்டினார்கள். ரெஜினால்ட் 1993இல் காலமானார். கேத்தரின் 95 வயதில் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அந்த மருத்துவமனையில் எனக்குப் பிடித்த ஆள் மாமிட்டு கஷே. 1962இல் பதின்வயதில் இதே காயத்தோடு வந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். படுக்கை விரிக்கத் தொடங்கி, அறுவை அறையில் கருவி எடுத்துக் கொடுத்து, கடைசியில் தானே அறுவை செய்யக் கற்று, வெளிநாட்டு மருத்துவர்களுக்கே சொல்லித்தந்தார். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் 1989இல் ஹாம்லின் தம்பதியோடு சேர்த்து அவருக்கும் தங்கப்பதக்கம் கொடுத்தது.

இதே அறுவையின் இன்னொரு தொடக்கமும் உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில் மாண்ட்கோமெரி நகரத்தில், 1845 முதல் 1849 வரை மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்களின் உடம்பில் இதைச் செய்து பழகினார். அனார்கா, பெட்சி, லூசி என்று மூன்று பெயர்கள் மட்டும் பதிவாகியிருக்கின்றன. மயக்க மருந்து கிடையாது. அனார்காவுக்கு ஏறக்குறைய முப்பது முறை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற சிம்ஸின் சிலையைப் போன ஆண்டு ஏப்ரலில்தான் அகற்றினார்கள். அந்த மூன்று பேரும் சம்மதம் சொல்லும் நிலையிலேயே இல்லை. இந்த வார்டில் சம்மதத் தாளில் பெருவிரல் ரேகை வாங்கும்போது, முழுவதையும் இரண்டு முறை படித்துக்காட்டச் சொல்கிறேன்.

மே 14, செவ்வாய்

வார்டின் ஓரக்கட்டிலில் இருக்கும் நோயாளி அம்மா ஒருவரின் முழங்கால்கள் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கின்றன. எத்தனை வருடமோ தெரியாது, ஒரு குடிசையின் பின்பக்கத்தில் காலை மடக்கி ஒருக்களித்தே படுத்திருந்தவர். தொடைகளை நெருக்கி வைத்திருந்தால் ஒழுகல் நிற்கும் என்று நம்பியிருக்கிறார். இடுப்பும் முழங்காலும் அப்படியே இறுகிப்போய்விட்டன. அவரை அறுவை மேசையில் சரியாகக் கிடத்தவே முடியாது. எனவே முதலில் நான், பிறகுதான் அறுவை மருத்துவர். சூடு, நீவல், ஸ்பிளிண்ட், மறுபடி நீவல். கூடவே முட்டை, பால், இரும்புச்சத்து மாத்திரை. சோகை பிடித்த உடம்பில் போட்ட தையல் ஆறாது.

இன்று கைத்தடியோடு கழிப்பறை வரை நடந்தார். மற்ற பெண்கள் குலவையிட்டார்கள். இந்த ஊர்க் குலவைக்கும் நம் ஊர்க் குலவைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

மே 17, வெள்ளி

பாதம் தொங்கும் அந்தப் பெண்ணுக்கு இன்று அறுவை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு, மேசையைத் தலைப்பக்கம் நன்றாகச் சாய்த்து, ஒன்றரை மணி நேரம். ஓட்டையைச் சுற்றிய தழும்பிலிருந்து சிறுநீர்ப்பையைப் பிரித்தெடுப்பதுதான் பெரிய வேலை, தைப்பது சின்ன வேலை என்று மருத்துவர் சொன்னார். இழுபட்ட நிலையில் தைத்தால் பிய்ந்துவிடும். முடிவில் மறுபடி நீலம் விட்டுப் பார்த்தார்கள். துணி வெள்ளையாகவே இருந்தது.

பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. அளவு, இடம், தையல் வகை, கதீட்டர் எண். கடைசிப் பத்தி 'முடிவு'. அதை வீட்டுக்குப் போகும் நாளில் நிரப்புவார்கள். மூடியது அல்லது மூடவில்லை, இரண்டே விடை.

மே 20, திங்கள்

இரவுப் பணியில் நடந்ததைக் காலையில் கேட்டேன். வார்டின் விதி மூன்று: கட்டில் காய்ந்திருக்க வேண்டும், கதீட்டர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நோயாளி குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரி இவள் கதீட்டர் அடைத்துக்கொண்டது. சிறுநீர்ப்பை உப்பினால் புதுத் தையல் தாங்காது. அதைக் கண்டுபிடித்தது எதிர்க்கட்டில் பெண். தன் வாளியில் விழும் சொட்டுச் சத்தத்தோடு பக்கத்துச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாளாம். ஒன்று நின்றதும் கத்திவிட்டாள். செவிலியர் ஓடிவந்து உப்புநீர் விட்டு அடைப்பை நீக்கினார். தையல் தப்பியது.

எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தக் கண்காணிப்பு முறை இல்லை.

மே 23, வியாழன்

பேறுகால ஃபிஸ்டுலா ஒழிப்புக்கான உலக நாள். ஐ.நா. 2013இலிருந்து கடைப்பிடிக்கிறது. முற்றத்தில் ஷாமியானா, பேனர், பேச்சு. பக்கத்து ஊர்களிலிருந்து மருத்துவச்சிகள் வந்திருந்தார்கள். அவர்களில் சிலர் ஹாம்லின் பெயரில் 2007இல் தொடங்கிய மருத்துவச்சிக் கல்லூரியில் படித்தவர்கள். கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் படிக்கவைத்து, கிராமத்துக்கே திருப்பி அனுப்பும் கல்லூரி. ஒருத்தி தன் பையிலிருந்து பார்ட்டோகிராஃப் தாளை எடுத்துக் காட்டினாள். பிரசவம் முன்னேறும் வேகத்தை மணிக்கு மணி புள்ளி வைத்துக் கோடாக இழுக்கும் தாள். ஃபில்பாட், காசில் என்ற இரண்டு மருத்துவர்கள், இன்றைய ஜிம்பாப்வேயில் மருத்துவச்சிகளை மட்டும் நம்பியிருந்த சிற்றூர்களுக்காக அதற்கு எச்சரிக்கைக் கோடும் செயல் கோடும் சேர்த்து 1972இல் வெளியிட்டார்கள். புள்ளி கோட்டைத் தாண்டினால் காத்திருக்காதே, அனுப்பு. "கோடு எனக்குத் தெரியும். அனுப்ப வண்டிதான் வேண்டும்" என்றாள். கைதட்டல் இவளுக்குத்தான் அதிகம்.

மேடையில் எண்கள் வந்தன. 2015இல் உலகம் முழுக்கப் பேறுகாலத்தில் இறந்த பெண்கள் 3,03,000 என்று மதிப்பீடு. அது குறைந்துவருவது பெருமைக்குரியதுதான். பிறகு, ஃபிஸ்டுலாவால் ஆண்டுதோறும் பாதிக்கப்படுவோர் 50,000 முதல் 1,00,000 வரை என்ற உலக சுகாதார நிறுவனக் கணக்கு. இரண்டாவது எண்ணைக் கேட்டு எனக்கு யோசனை. ஒன்றுக்கு இரண்டு மடங்கு இடைவெளி விட்டு ஒரு கணக்கு! இறப்பை யாராவது பதிவுசெய்கிறார்கள். பிழைத்து, குடிசையின் பின்பக்கம் போய்விடுகிறவளைப் பதிவுசெய்ய யாரும் வருவதில்லை. தாய் உயிரோடு இருந்தாள், ஆகவே அந்தப் பிரசவம் வெற்றிக் கணக்கில். பாதம் தொங்குவதற்கும், கருப்பை இறங்குவதற்கும், மலத்துவாரம் வரை கிழிந்து சரியாகத் தைக்கப்படாமல் போவதற்கும் இந்த அளவுக்குக்கூட எண் கிடையாது.

இந்தக் காயம் புதிதும் அல்ல. எகிப்தில் ஹென்ஹெனித் என்ற பெண்ணின் மம்மி இருக்கிறது. ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுக்கு முந்தையது. 1935இல் ஆராய்ந்தபோது குறுகிய இடுப்பும் சிறுநீர்ப்பையில் பெரிய கிழிசலும் தெரிந்தன. அவள் மன்னன் மென்டுஹோடெப்பின் அரண்மனையைச் சேர்ந்தவள். அந்தக் காலத்தில் அரண்மனைக்கும் குடிசைக்கும் ஒரே கதி. இன்று அரண்மனைக்காரிகளுக்கு இந்தக் காயமே கிடையாது.

மே 28, செவ்வாய்

இந்த நாட்டின் தெர்க் ராணுவ ஆட்சி வீழ்ந்த நாள், அரசு விடுமுறை. ஆனாலும் ஒரு பெண் வந்திருந்தாள். இன்று வெளிநோயாளிப் பிரிவு கிடையாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும். இரண்டு நாள் பயணம் செய்தவளைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை.

ஜனவரியில் வேறோர் இடத்தில் அறுவை நடந்திருக்கிறது. கையிலிருந்த அட்டையில் 'மூடியது' என்று எழுதியிருக்கிறது. நீலம் விட்டுப் பார்த்தோம், உண்மைதான், ஓட்டை இல்லை. எழுந்து நின்றதும் கால் வழியே ஒழுகியது. படுத்தால் நிற்கிறது. இருமினால், குனிந்தால், குடம் தூக்கினால் வருகிறது. அழுகிய சதையோடு சிறுநீர்ப்பையின் பாதியும், அதை மூடித்திறக்கும் தசையும் போய்விட்டால் இப்படித்தான். அறுவை மருத்துவர்களின் குற்றம் இல்லை. கிழிந்ததைத் தைக்கலாம், காணாமல் போனதைத் தைக்க முடியாது. ஓட்டை அடைபட்ட பிறகும் கணிசமான பெண்கள் இந்த நிலையில் இருக்கிறார்கள்.

"வீட்டில் படுத்திருந்தால் நான் குணமானவள். தண்ணீர் எடுக்கப் போனால் நோயாளி" என்றாள்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சி தொடங்கினோம். எந்தத் தசையை இறுக்குவது என்று சொல்லிப் புரியவைப்பதே ஒரு மணி நேரம். சிலருக்கு நன்றாகவே பலன் தரும். இவளுக்கு எவ்வளவு தரும் என்று மூன்று மாதத்தில் தெரியும். அதற்குமேல் வேறு அறுவைகள் உண்டு, அடிஸ் அபாபா போகவேண்டும். எதையும் மறைக்காமல் சொன்னேன். பொய் நம்பிக்கையோடு திரும்பிப் போனவள் மறுபடி வரமாட்டாள்.

ஜூன் 4, செவ்வாய்

மே 17இல் அறுவை நடந்த பெண்ணுக்கு இன்று கதீட்டர் எடுத்தோம். இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். தானே எழுந்து, தானே போய், தானே திரும்பி வந்தாள். பாவாடை காய்ந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, போர்வையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலமும் காய்ந்திருந்தது.

பாதம் இன்னும் தொங்குகிறது. கணுக்காலுக்கு ஸ்பிளிண்ட் போட்டு நடக்கவைக்கிறேன். நரம்பு மெதுவாகத்தான் துளிர்க்கும். சிலருக்குப் பெரும்பாலும் திரும்பிவிடும், சிலருக்குப் பாதியில் நின்றுவிடும். இவளும் மே 28இல் வந்தவளும்: இரண்டு பெண்கள், இரண்டு அட்டைகள், இரண்டிலும் முடிவு 'மூடியது' என்றுதான் இருக்கும். ஒருத்திக்கு நடை போயிருக்கிறது, ஒருத்திக்கு நின்றால் ஒழுகுகிறது.

ஜூன் 6, வியாழன்

அந்தப் பெண்ணின் அப்பா வந்துவிட்டார். புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டதை இவளிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்றார். வார்டு உதவியாளர் அம்மா அவரைத் தனியே கூட்டிப் போய்ப் பேசினார். சொல்லவேண்டியவர் அவர்தான், ஆனால் இங்கேயே, தோழிகள் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது என்று முடிவாயிற்று. சொன்னார். "தெரியும்" என்றாளாம். "எனக்கு இரண்டு ஆடு வேண்டும்" என்றாளாம். அப்பா வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பிறகு நான் சொல்லவேண்டியவை. மூன்று மாதம் தாம்பத்தியம் கூடாது, பளு தூக்கக் கூடாது. மறுபடி கர்ப்பமானால் கட்டாயம் மருத்துவமனையில் சிசேரியன். கடைசி வாரங்களில் சாலையோரச் சுகாதார நிலையத்தை ஒட்டிய காத்திருப்பு இல்லத்துக்கு வந்துவிடவேண்டும். சில இடங்களில் அது ஒரு கூரைக் கொட்டகைதான், ஆனால் வண்டி வரும் இடத்தில் இருக்கிறது. அப்பா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் எப்படி வருவது என்று கேட்டார். மழை தொடங்கும் முன்பே வந்துவிடுங்கள் என்றேன். உழவுக் காலத்தில் வீட்டு வேலையை யார் பார்ப்பது என்று அவர் கேட்கவில்லை. ஆனால் கேள்வி அங்கேயேதான் இருக்கிறது.

ஜூன் 7, வெள்ளி

காலையில் தலைமைச் செவிலியரிடம் பேசினேன். பதிவேட்டில் 'முடிவு' பத்திக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி வேண்டும், மூன்று மாதம் கழித்து நிரப்புவதற்கு. பதிவேட்டில் இடம் இல்லை, வேலை கூடும், போன் இல்லாத ஊர்களை எப்படிக் கேட்பது என்றார். எல்லாம் உண்மை. கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்களே, அவர்கள் வழியாகக் கேட்கலாம் என்றேன். சரி, ஒரு தாளுக்கு மிகாமல் எழுதிக் கொடு, அம்ஹாரிக்கில் நான் போடுகிறேன் என்றார். எழுதிக் கொடுத்தது:

ஒன்று: நின்று, நடந்து, குடம் தூக்கும்போது காய்ந்திருக்கிறாயா?

இரண்டு: சந்தை வரை நடக்க முடிகிறதா? கால் தேய்கிறதா?

மூன்று: உன் தட்டில் உன்னோடு சேர்ந்து யார் சாப்பிடுகிறார்கள்?

நான்கு: மறுபடி பிள்ளை உண்டானால் எங்கே போவாய், எப்படிப் போவாய், யார் கூட வருவார்?

மூன்றாவது கேள்வி மருத்துவக் கேள்விதானா என்று கேட்டார். ஒரே தட்டில் சேர்ந்து உண்ணும் ஊரில் அதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்தக் கேள்வியை அடிக்காமல் விட்டுவிட்டார். திங்கட்கிழமை முதல், வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் இந்தத் தாள். முதலில், ஜனவரியில் 'மூடியது' என்று எழுதி அனுப்பப்பட்டவளுக்கு.